வாயாடி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கோலாலம்பூர் வாசகர் கேட்டது, 11 ஜனவரி 2025

ஒரு கருத்தை வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். எல்லாரோடும் சட்டென்று ஒட்டிக்கொண்டு, சிரித்துப் பேசும் ஒருவரைப் பாராட்டத் தமிழில் ஒரு சொல் கூட இல்லை. இருப்பதெல்லாம் திட்டுதான்: வாயாடி, அரட்டை, வம்பு, லொடலொட. மலாயில் 'பெராமா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எக்ஸ்ட்ரோவெர்ட் என்பதற்கும் நம்மிடம் எதுவும் கிடையாது. இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 9.50

இருக்கிறது தம்பி. கலகலப்பானவர். வேறென்ன வேண்டும்?

12 ஜனவரி, இரவு 10.15

நேற்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அந்தச் சொல்லின் மேல் அவ்வளவு நம்பிக்கை. இன்று மத்தியானம் அது ஆட்டம் கண்டுவிட்டது.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் 19 வருடமாக வேலை செய்கிறேன். எங்களோடு இருந்த பெண் கல்யாணமாகித் தைப்பிங் போகிறாள். சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கு முன்னால் ஆள் வேண்டும். முதலாளி மலாயில் ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருந்தார், அதில் 'பெராமா' இருந்தது. "தமிழில் நீங்களே எழுதிடுங்கக்கா" என்று தாளைக் கொடுத்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் 'கலகலப்பான பெண் தேவை' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. பக்கத்து மாலைக் கடை அண்ணன் கதம்பம் கட்டிய கையோடு எழுந்து வந்து படித்தார். "யாருக்குப் பொண்ணு பார்க்கிறீங்க? முதலாளி மகனுக்கா?" என்றார். தெருவே சிரித்தது. கிழித்து எடுத்துவிட்டேன்.

'பெண் தேவை' என்றது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலகலப்பும் சரியில்லை. ஏன் சரியில்லை என்று நாளைக்கு எழுதுகிறேன், கால் வலிக்கிறது.

13 ஜனவரி, இரவு 9.30

கலகல என்பது முதலில் ஒரு சத்தம். வளையல் கலகலவென்றது, சில்லறை கலகலவென்று கொட்டியது, பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். அங்கிருந்து இடத்துக்குப் போகிறது: கல்யாண வீடு கலகலப்பாக இருந்தது. அப்புறம்தான் ஆளிடம் வருகிறது. அதனால் கலகலப்பான ஆள் என்றால், அவர் வந்தால் இடமே சத்தமாகிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. புடவைக் கடைக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. பழைய கட்டிலின் மூட்டு விட்டுப்போனால் 'கலகலத்துப் போச்சு' என்போம். குடும்பம் சிதறினாலும் அதே சொல். சிரிப்புக்கும் சிதைவுக்கும் ஒரே சத்தம் என்பதை நான் இதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை.

14 ஜனவரி, காலை

இன்று பொங்கல். பால் பொங்கிவிட்டது. எல்லாருக்கும் வாழ்த்து. மீதி நாளைக்கு.

15 ஜனவரி, இரவு 11.05

தம்பி சொன்ன பட்டியலில் முதலில் நின்றது வாயாடி. அதைப் பற்றி எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

நான் நாலாம் ஆண்டு படிக்கும்போது, அந்த வருடக் கடைசி ரிப்போர்ட் புத்தகத்தில் ஆசிரியர் குறிப்பு எழுதும் இடத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் இருந்தது: வாயாடி. கணக்கில் 91 வாங்கியிருந்தேன். அதை யாரும் பார்க்கவில்லை. அப்பா அந்தச் சொல்லைச் சத்தமாக வாசித்தார், அண்ணன்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். "வாயாடி, தண்ணி கொண்டா", "வாயாடி, கதவைச் சாத்து". வருடக்கணக்கில் வீட்டில் என் பேர் அதுதான். பன்னிரண்டு வயதில் நான் வீட்டுக்கு வருபவர்களோடு பேசுவதையே விட்டேன். யாராவது வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சூதாடி, கூத்தாடி, வாயாடி. பேசுவதை ஓர் ஆட்டமாக, அதுவும் மரியாதை இல்லாத ஆட்டமாக நிறுத்திவிட்டது அந்த 'ஆடி'. அதே குணம் ஒரு பையனிடம் இருந்தால் 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று தட்டிக்கொடுக்கிறோம். பெண் பிள்ளை என்றால் வாயாடி.

அம்மா அப்போது என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் போனார். சண்டை போடத்தான் போகிறார் என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அந்த டீச்சரின் சொந்த ஊர் சுங்கை சிப்புட், அவர் அம்மாவுக்கு மூட்டு வலி, எலுமிச்சை ஊறுகாயில் அவர்கள் வெந்தயத்தை வறுத்துத்தான் போடுவார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டு வந்தார். "நல்ல புள்ளைதான், பாவம், தனியா வாடகைக்கு இருக்கு" என்றார். என் ரிப்போர்ட் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மாவைச் சொல்ல என்ன சொல் என்று கேட்டால், 'வாயாடி' என்று சொல்ல என் நாக்கு எழாது.

16 ஜனவரி, மத்தியானம்

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஈப்போவிலிருந்து ஓர் ஐயா, தங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகளையும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் கொஞ்சலாக, என்று எழுதியிருக்கிறார். சரி. நான் நேற்று எழுதியது என் வீட்டுக் கதை. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'அடி வாயாடி' என்றால் அதில் ஆசை மட்டும்தான் இருக்கிறது, அதை நானும் கேட்டிருக்கிறேன். கொஞ்சலுக்கும் குத்தலுக்கும் நடுவில் இருப்பது வயதுதான் போல. பத்து வயதுக்கு மேல் அது கொஞ்சல் இல்லை.

18 ஜனவரி, இரவு 10.20

தம்பியின் இரண்டாவது கேள்வி, எக்ஸ்ட்ரோவெர்ட். இதற்குப் புறமுகன், புறமுகி, வெளிமுக ஆளுமை என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்துக்கு அகமுகன், அகமுகி. தப்பில்லை. ஆனால் யாராவது என்னைப் புறமுகி என்றால் எனக்குப் புறமுதுகுதான் காதில் விழும். போர்க்களத்தை விட்டு ஓடியவள் மாதிரி.

அது மட்டுமில்லை, அந்தச் சொல் பேச்சைப் பற்றியதே இல்லை. யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921இல் வந்த தன் நூலில் இந்த இரண்டு வகையையும் விரித்து எழுதினார். ஒருவருடைய மனத்தின் ஓட்டம் வெளியே ஆட்களையும் பொருள்களையும் நோக்கிப் போகிறதா, தனக்குள் திரும்புகிறதா என்பதுதான் அவர் பார்த்தது. அதிகம் பேசுவதும் நன்றாகப் பழகுவதும் அதிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். அதை ஒரு மருத்துவர் நோய்ச்சீட்டில் எழுதலாம். புடவைக் கடைக் கண்ணாடியில் ஒட்ட முடியாது.

இதைத் தேடும்போது கிடைத்த ஒரு கணக்கு என்னை அசத்திவிட்டது. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களை மட்டும் பொறுக்கினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் தேறின. யாராவது உட்கார்ந்து தமிழிலும் இப்படிப் பொறுக்கினால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் உதவி செய்வேன்.

18 ஜனவரி, இரவு 10.50

விட்டுப்போனது ஒன்று. தம்பி சொன்னபடி தமிழ் பேசுபவரை மட்டும் திட்டுகிறது என்பது உண்மையில்லை. பேசாதவரையும் விட்டுவைக்கவில்லை. உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி, கல்லுளிமங்கன், அழுத்தக்காரி, ஊமைக்கோட்டான், வாயில்லாப் பூச்சி. எனக்கு நாலாம் ஆண்டில் வாயாடி, பன்னிரண்டு வயதில் உம்மணாமூஞ்சி. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அண்ணன்கள் வாயால்.

22 ஜனவரி, இரவு 9.40

பட்டர்வொர்த் தங்கச்சி ஒருத்தி, மலாயில் 'பெராமா' மட்டும்தானா என்று கேட்டாள். கடையில் பாதி வாடிக்கையாளர் மலாய்க்காரப் பெண்கள், அதனால் காது பழகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது 'ரிங்கான் மூலுட்'. இலேசான வாய். தானாக முந்திக்கொண்டு நலம் விசாரிப்பவர். அதற்கு எதிர் 'பெராட் மூலுட்', கனத்த வாய். நல்ல குணத்துக்கு வாயின் எடையை வைத்துச் சொல்வது எவ்வளவு அழகு! தமிழில் அதை அப்படியே போட்டால் 'ஓட்டை வாய்' பக்கம் போய்விடும், ரகசியம் தங்காதவர் ஆகிவிடுவார்.

அப்புறம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் 'கேபோ'. பினாங்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தமிழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் கேபோ. ஆனால் உங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால் முதலில் வந்து நிற்பவரும் அந்தக் கேபோ அக்காதான்.

27 ஜனவரி, இரவு 10.30

சீனப் பெருநாளுக்குக் கடை மூடப்போகிறது, கொஞ்சம் நேரம் கிடைத்தது. இன்று குறளைத் திறந்தேன். பண்புடைமை அதிகாரத்தில் 999:

நகல்வல்லர் அல்லார்க்கு மாயிரு ஞாலம்
பகலும்பாற் பட்டன்று இருள்.

நகு என்றால் சிரி. நகல் வல்லர், சிரித்து மகிழத் தெரிந்தவர். பிறரோடு கலந்து உள்ளம் மகிழ்வதைத்தான் உரைகாரர் சொல்கிறார். அது தெரியாதவனுக்கு இவ்வளவு பெரிய உலகம் பட்டப்பகலிலும் இருட்டு. தம்பி, நீங்கள் கேட்ட சொல் ஏறக்குறைய 'வல்லர்' பட்டத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதை ஒரு திறமையாகவே வைத்திருக்கிறார் வள்ளுவர்.

ஆனால் இன்றைக்கு 'நகல் வல்லர் தேவை' என்று எழுதினால், போட்டோஸ்டாட் கடைக்கு ஆள் எடுக்கிறோம் என்று வந்து நிற்பார்கள். பிரதி என்ற பொருளில் வரும் நகல், அரபியிலிருந்து வந்த வேறு சொல். வந்த சொல் இருந்த சொல்லைத் தள்ளிவிட்டது.

இன்னொன்று, சுற்றந்தழாலில் 523:

அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக்
கோடின்றி நீர்நிறைந் தற்று.

கரை இல்லாத குளத்தில் தண்ணீர் நிறைந்தால் எப்படி நிற்கும்? ஓடிப்போய்விடும். உறவுகளோடு மனம் கலந்து பேசாதவனுக்கு எவ்வளவு வந்தாலும் அப்படித்தான். பேச்சைக் கரை என்கிறார் பாருங்கள். அளவளாவுதல் இப்போதும் உயிரோடு இருக்கிறது, ஆனால் பத்திரிகையில் அமைச்சர்கள் மட்டும் அளவளாவுகிறார்கள். நாமெல்லாம் அரட்டை அடிக்கிறோம்.

12 பிப்ரவரி, இரவு 11.40

நேற்றுத் தைப்பூசம். உடம்பெல்லாம் வலி, ஆனால் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

ஜாலான் உத்தாமா தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் ஒவ்வொரு வருடமும் மோர் ஊற்றப் போவேன். இந்த வருடம் என் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் ஒலிபெருக்கி தேவைப்படாத அண்ணன். "வாங்க வாங்க, மோர் வாங்க, முருகன் மோர்!" என்று தண்ணீர்மலை முருகன் கோயில் படி வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது, வந்தது, கலகலவென்று இருந்தது. பந்தலுக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

இன்னொருவர் பல்கலைக்கழகம் போகிற பையன். கூப்பிடவே இல்லை. பால்குடம் இறக்கிவிட்டு வெயிலில் வந்த ஒரு பாட்டியிடம் கோப்பையை நீட்டினான். அவர் வாங்கும்போது கை நடுங்கியது. பையன் கோப்பையை விடவில்லை. அவர் விரலுக்குக் கீழே தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "உப்பு சரியா இருக்கா பாட்டி?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். பாட்டி அங்கேயே நின்று, எந்த வருடம் யாருக்காக வேண்டிக்கொண்டார் என்று பத்து நிமிடம் அவனிடம் பேசினார். பையன் 'ம்' என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

இந்தப் பையனுக்கு என்ன சொல்? கலகலப்பு இல்லை. வாயாடி இல்லை. யுங் வந்து பார்த்தால் அகமுகன் பக்கம் எழுதினாலும் எழுதுவார். ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தலில் யாரிடம் ஒருவர் நின்று பேசினார் என்று கேட்டால், இவனிடம்தான். முகம் கொடுத்துப் பேசினான். நம் ஊர்ப் பேச்சில் அதற்கு இருப்பது இந்தத் தொடர்தான்.

முகத்தை எண்ணிப் பாருங்கள். முகம் கொடுத்தல், முகம் மலர்தல், முகம் சுளித்தல், முகத்தில் அடித்தாற்போல் பேசுதல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல். வாயை வைத்துத் திட்டுதான் அதிகம். முகத்தை வைத்துத் திட்டும் உண்டு, பாராட்டும் உண்டு. இத்தனை நாளாக நான் தப்பான உறுப்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

14 பிப்ரவரி, இரவு 10.00

இன்னும் யோசித்தேன். தம்பி பெயர்ச்சொல் கேட்டார், நாமும் பெயர்ச்சொல்லாகவே தேடினோம். ஆனால் நம் வீடுகளில் ஒருவரைப் பாராட்டும்போது என்ன சொல்கிறோம்? "அவுங்க நல்லாப் பழகுவாங்க." முடிந்தது. சம்பந்தம் பேசும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

பழகுதல் எப்படிப்பட்ட சொல் என்று பாருங்கள். சைக்கிள் பழகினேன், நீச்சல் பழகினேன், கார் பழகி லைசென்ஸ் எடுத்தேன், பக்கத்து வீட்டாரோடு பழகினேன். எல்லாம் ஒரே பழகுதல்தான். பிறவியில் வந்த குணமாக அது இதைச் சொல்லவே இல்லை. விழுந்து எழுந்து கைக்கு வருவதாகத்தான் சொல்கிறது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் புதிதாக மரியாதை வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் அடுப்படிக்குள் ஓடிய நான் இன்று ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் பேசுகிறேன் என்றால், வகை மாறிவிட்டேனா? இல்லை, பழகிக்கொண்டேன். முதல் வருடம் ஒரு மாக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை கேட்டால் கூட எனக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் பழைய கணக்குப்பிள்ளை ஐயாதான் சொல்லிக்கொடுத்தார்: வாயைத் திறக்காதே, முதலில் கையைப் பார். வாடிக்கையாளர் கை எந்த நிறத்தில் ஒரு நொடி நிற்கிறதோ, அந்தப் புடவையை உருவி முந்தானையை விரி. பேச்சு தானாக வரும்.

15 பிப்ரவரி, காலை

அவசரத் திருத்தம். 'நன்றாகப் பழகுபவர் தேவை' என்று அறிவிப்பில் போடப்போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயோ அக்கா, 'அவுங்க ரெண்டு பேரும் பழகுறாங்க'ன்னா ஊர்ல என்ன அர்த்தம்?" என்றார். சரிதான். பழகுதல் கண்ணாடியில் ஒட்டும் சொல் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

17 பிப்ரவரி, இரவு 9.15

கடைசியில் ஒட்டியது இது:

'வருபவர்களிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரிந்த விற்பனையாளர் தேவை. ஆண், பெண், வயது தடையில்லை.'

மலாயில் ஒரே சொல்லில் முடிந்ததற்குத் தமிழில் இரண்டு வரி. முதலாளி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாலைக் கடை அண்ணன் வந்து படித்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இது சரியா இருக்குக்கா" என்றார்.

3 மார்ச், இரவு 10.10

தம்பி, அறிவிப்பு என்ன ஆனது என்று கேட்டீர்கள். ஐந்து பேர் வந்தார்கள். 54 வயது அக்கா ஒருவர் சேர்ந்திருக்கிறார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பல வருடம் முறுக்கும் அதிரசமும் விற்றவர். 'வயது தடையில்லை' என்பதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தாராம். இரண்டாம் நாளே மாக்சிக் ஒருவருக்கு மூன்று புடவை விற்றார், நடுவில் அவர் பேத்திக்கு இருமல் மருந்தும் சொன்னார்.

9 மார்ச், இரவு 8.30

இன்று ஞாயிற்றுக்கிழமை, முதலாளி விடுப்புக் கொடுத்தார். அம்மாவை ஃபெரியில் பட்டர்வொர்த் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 78. காது மந்தம். கொஞ்ச நாளாகவே பேச்சு குறைந்துவிட்டது. எதிரே இருப்பவர் சொல்வது சரியாகக் கேட்காததால் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பழைய மஞ்சள் ஃபெரி ஓடிய காலத்தில் அக்கரை போய்ச் சேருவதற்குள் அம்மா இரண்டு குடும்பத்தோடு பழகிவிடுவார். இறங்கும்போது முகவரி எழுதிய தாள் கையில் இருக்கும். இப்போது புதுப் படகு, ஏசி, எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த இழையில் எழுதியதை எல்லாம் அவருக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன், சத்தமாகக் கத்திச் சொல்ல வேண்டும், விட்டுவிட்டேன்.

பாதிக் கடலில் எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் மடியிலிருந்து குழந்தை சாக்ஸைக் கழற்றிப் போட்டது. அம்மா குனிந்து எடுத்தார். உதறினார். அந்தச் சின்னக் காலைப் பிடித்து அவரே மாட்டிவிட்டார். அப்புறம் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்மா நீங்க?"

"மாக் மண்டின், பாட்டி."

அம்மாவுக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதருகே குனிந்து மறுபடியும் சொன்னாள்.

"மாக் மண்டினா? அங்க கோயிலுக்குப் பின்னாடி யாரு வீடு?" என்று அம்மா ஆரம்பித்தார்.